இருளாண்டி விதைக்க மறுத்த வருஷம்

ஈரலில் ஒரு தடவை புற்றுக்கட்டியை எடுத்தாயிற்று. அது திரும்பவும் வந்துவிட்டது. இரண்டாவது தடவையும் வயிற்றைத் திறக்கலாமா, திறந்தால் அந்த மனுஷர் எவ்வளவு காலம் இருப்பார் என்று எப்படிக் கணிப்பது? இதைப் பற்றி இளம் டாக்டர்கள் நீங்கள் என்னை எழுதித் தரச் சொல்லியிருக்கிறீர்கள். யாரிடம் வந்து கேட்டிருக்கிறீர்கள், போங்கள்! கம்ப்யூட்டரில் ஆறு எண்களைத் தட்டினால் உங்களுக்கு இப்போது பதில் வருகிறது. அதன்மேல் எனக்கு ஒரு புகாரும் கிடையாது. என் காலத்தில் அது இருந்திருந்தால் நானும் தட்டிக்கொண்டேதான் இருந்திருப்பேன். எண்ணைக் கண்டுபிடிக்கிற வித்தையை நீங்களே எனக்குச் சொல்லித் தருவீர்கள். கண்டுபிடித்த எண்ணை வாயைத் திறந்து ஒரு ஆளிடம் சொன்ன பிறகு என்னென்ன ஆகும் என்பதில்தான் நான் பட்டுத் தெளிந்தவள். அதைச் சொல்கிறேன்.

முதலில் என் லட்சணத்தைச் சொல்லிவிட வேண்டும். பிறந்தது பரமக்குடி. அப்பாவுக்கு நெசவாளர் சங்கத்தில் எழுத்தர் வேலை. நெல் எங்கே விளைகிறது என்று கேட்டால் சாக்கில் என்று சொல்லக்கூடிய குடும்பம் எங்களுடையது. வேலை பார்த்தது மதுரையில். மாதத்தில் இரண்டு சனிக்கிழமை ராமநாதபுரத்துக்கு வந்து, தெரிந்த டாக்டர் ஒருவரின் கிளினிக்கில் வயிறு, ஈரல் நோய்க்காரர்களைப் பார்ப்பேன். பெண் டாக்டர், வயிறு பார்ப்பவர் என்று கேள்விப்பட்டுப் பாதிக் கூட்டம் பிரசவத்துக்கு வந்துவிடும். அவர்களுக்கு வழி சொல்லி அனுப்புவதற்குள் நர்ஸுக்குத் தொண்டை கட்டிவிடும்.

அடுத்த லட்சணம், கணித்துச் சொல்வதில் எனக்கு இருந்த திமிர். எங்கள் ஆபரேஷன் தியேட்டரில் டீ பந்தயம் உண்டு. எத்தனை பாட்டில் ரத்தம் ஏற்ற வேண்டிவரும், எத்தனை மணிக்குக் கடைசித் தையல் போடுவோம் என்று ஆளுக்கொன்று சொல்ல வேண்டும். தோற்றவர் எல்லோருக்கும் டீ வாங்கித் தர வேண்டும். நான் டீ வாங்கிக் கொடுத்ததாக எனக்கு ஞாபகமே இல்லை. எங்கள் பெரிய டாக்டர் மட்டும் இந்த ஆட்டத்துக்கு வரமாட்டார். நோயாளி, நான் எத்தனை நாள் இருப்பேன் என்று கேட்டால், பார்ப்போம் என்பார். மகள் கல்யாணத்தைத் தள்ளிப் போடலாமா என்றால் அதற்கும் பார்ப்போம்தான். இது வெறும் கோழைத்தனம் என்று நினைத்தேன். நினைத்ததோடு விட்டேனா? ஒரு நாள் அவர் முகத்துக்கு நேராகவே சொன்னேன். அவர் கோபப்படவில்லை.

"நீ தாராளமா எண்ணைச் சொல்லும்மா. சொல்லிட்டு ஆறு மாசம் கழிச்சு அந்த வீட்டுக்கு ஒரு நடை போயிட்டு வா" என்றார்.

நான் போகவில்லை. யாருக்கு நேரம் இருந்தது?

இருளாண்டி என்னிடம் முதலில் வந்தது தொண்ணூறுகளின் பின்பாதியில். அபிராமத்துக்குத் தெற்கே ஒரு கிராமம். கண்மாய் உண்டு, தண்ணீர் வந்தால் உண்டு. மற்றபடி வானம் பார்த்த பூமி. ஐம்பதைத் தாண்டிய, நெட்டையான, அளந்து பேசுகிற மனுஷர். குடிப்பழக்கமே கிடையாது. ஆனால் ஈரலில் கட்டி என்று தெரிந்ததும், பய ஒளித்து ஒளித்துக் குடித்திருக்கிறான் என்று ஊர் முடிவு கட்டிவிட்டது. உண்மையில் மஞ்சள்காமாலைக் கிருமி ஒன்று வருஷக்கணக்காக ரத்தத்தில் தங்கியிருந்து ஈரலைக் கெடுத்திருந்தது. இவர் குடிகாரர் அல்ல என்று நான் ஒரு தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். நான் கட்டியை எடுத்த ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததைவிட அந்தத் தாளால்தான் அவருக்கு என்மேல் மரியாதை வந்தது என்று நினைக்கிறேன்.

மூன்று வருஷத்துக்கு மேல் ஒன்றுமில்லை. பிறகு ஒரு சனிக்கிழமை எடுத்த ஸ்கேனில் மிச்ச ஈரலில் ஒரு கட்டி தெரிந்தது. மதுரைக்கு வரச்சொல்லி மறுபடி படம் எடுத்து உறுதி செய்தோம்.

ஈரல் வெட்டினால் வளரும் என்பது உங்களுக்குத் தெரியும். வளர்ந்து வருவதும் அதே கெட்டுப்போன ஈரல்தான் என்பதும் தெரியும். அதனால் இரண்டாவது தடவை கத்தியை எடுக்குமுன் நான் ஐந்து கேள்வி கேட்டுக்கொள்வேன். முதல் ஆபரேஷனுக்கும் இதற்கும் எவ்வளவு இடைவெளி? எத்தனை கட்டி? எவ்வளவு பெரிது? ரத்தக்குழாய்க்குள் தலை நீட்டியிருக்கிறதா? வெட்டியது போக மிஞ்சும் ஈரலுக்கு ஆளைத் தாங்கும் தெம்பு இருக்கிறதா? ஒவ்வொன்றுக்கும் மதிப்பெண். மொத்தத்தைக் கூட்டினால், இவர் இத்தனை காலம் என்று ஒரு கணக்கு. பழைய கல்யாணப் பத்திரிகைகளின் வெற்றுப் பக்கத்தில்தான் இதையெல்லாம் போடுவேன், தாள் வழவழவென்று நன்றாக இருக்கும். இருளாண்டிக்கு நல்ல மதிப்பெண் வந்தது. இடைவெளி அதிகம், கட்டி ஒன்று, அதுவும் சின்னது.

"திரும்பத் தெறந்தா எத்தனை வெள்ளாமை பாப்பேன், தாயி?" என்று கேட்டார்.

அந்தப் பக்கத்தில் வருஷத்துக்கு ஒரு வெள்ளாமைதான். புரட்டாசியில் புழுதியில் நெல்லை விதைத்துவிட்டு மழைக்குக் காத்திருந்து, தையில் அறுப்பார்கள். ஆகவே மனுஷர் வருஷத்தைத்தான் கேட்கிறார் என்று எடுத்துக்கொண்டேன். திறந்து பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்றேன்.

திறந்தோம். ஒரு தடவை திறந்த வயிறு எப்படி இருக்கும் என்று உங்களில் சிலர் பார்த்திருப்பீர்கள். குடல், ஈரல், வயிற்றுச்சுவர் எல்லாம் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு, எது எங்கே முடிகிறது என்றே தெரியவில்லை. ஈரலைக் கண்ணால் பார்ப்பதற்கே வெகுநேரம் ஆகிவிட்டது. கையால் தடவிப் பார்த்தேன். படத்தில் தெரிந்த கட்டி இருந்த இடத்தில் இருந்தது. கையை இன்னும் கொஞ்சம் தள்ளினேன். படத்தில் இல்லாத இன்னொன்று, பட்டாணி அளவில், ஓரத்தில் தட்டுப்பட்டது.

எல்லோருடைய கையும் நின்றுவிட்டது. மயக்கம் கொடுக்கிற டாக்டர் தலையை நீட்டி, என்ன செய்யப் போகிறீர்கள் என்று கேட்டார். ரத்தம் ஏற்கெனவே நான் பந்தயம் கட்டிய அளவைத் தொட்டிருந்தது. ஒன்றல்ல, இரண்டு கட்டி என்றால் என் பத்திரிகைக் கணக்கே மாறுகிறது. முதலிலேயே இரண்டு என்று தெரிந்திருந்தால் ஒருவேளை திறந்தே இருக்கமாட்டேன். மூடிவிடலாமா? ஒன்றை மட்டும் எடுத்துவிட்டு மற்றதைக் கண்டும் காணாமல் விடலாமா? இரண்டையும் முறைப்படி பெரிதாக வெட்டினால் மிஞ்சும் ஈரல் ஆளைத் தாங்காது.

அந்த நேரத்தில் ஒன்று மட்டும் உறைத்தது. கணக்கு, திறக்கலாமா என்று கேட்பதற்குத்தான். திறந்து கையை உள்ளே வைத்துக்கொண்டு நிற்கும்போது, கைக்கு எது எட்டுகிறது, ஈரல் எதைத் தாங்கும் என்று மட்டும்தான் பார்க்க வேண்டும். பட்டாணி ஓரத்தில், மேலாக இருந்தது. அதைச் சுற்றிக் கொஞ்சம்போலக் கிள்ளி எடுத்தால் போதும். பெரியதைத் திட்டமிட்டபடி எடுத்தேன், சின்னதைக் கிள்ளினேன், வெளியே வந்துவிட்டேன். அன்றைக்கும் டீ மற்றவர்கள்தான் வாங்கினார்கள்.

வார்டில் அவர் எழுந்து நடமாடி, வீட்டுக்குப் போகிற அன்று, மறக்காமல் கேட்டார். நான் ராத்திரியே புதுக் கணக்குப் போட்டு வைத்திருந்தேன். இரண்டு கட்டி என்பதால் மொத்தம் இறங்கியிருந்தது. பார்ப்போம் என்று சொல்லித் தப்பிக்கிற ஆளா நான்? இரண்டு விரலை நீட்டினேன்.

"ரெண்டு வெள்ளாமைண்ணே. நிச்சயமாப் பாப்பீங்க" என்றேன்.

அவர் அந்த இரண்டு விரலையும் உற்றுப் பார்த்தார். கும்பிட்டார். பக்கத்தில் துணிப்பையோடு நின்ற அவர் மனைவி பஞ்சவர்ணம் என்னைப் பார்க்கவில்லை, அவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்த வருஷம் மழை பொய்த்தது. அடுத்த வருஷமும் பொய்த்தது. இருளாண்டி மூன்று மாதத்துக்கு ஒரு தடவை ராமநாதபுரத்துக்கு வந்து ஸ்கேன் எடுத்துக்கொள்வார். ஈரல் சுத்தமாக இருக்கும். எனக்குச் சந்தோஷம் தாங்காது. விளைச்சல் எப்படி அண்ணே என்று மரியாதைக்குக் கேட்பேன்.

விதைத்ததெல்லாம் கருகிவிட்டது, ஒரு மணி வீடு வந்து சேரவில்லை என்பார். இதைச் சொல்லும்போது அவர் முகத்தில் ஒரு சிரிப்பு இருக்கும். கூட வருகிறவர்கள் எல்லாம் மழையைத் திட்டிக்கொண்டிருக்க, இவர் மட்டும் பஸ் செலவுக்கே பாடாக இருக்கிற வருஷத்தில் உற்சாகமாக வந்து போவார். மகராசி நான், அது ஏன் என்று கேட்டேனா? நோயாளி நல்ல மனநிலையில் இருக்கிறார் என்று அவர் ஃபைலில் எழுதி வைத்தேன். இரண்டு தடவை எழுதியிருக்கிறேன், கையெழுத்தோடு.

மூன்றாவது வருஷம் ஆவணியிலேயே மழை பிடித்துக்கொண்டது. கண்மாய்க்குத் தண்ணீர் வரத் தொடங்கிவிட்டது என்று வருகிறவர்கள் எல்லாம் சொன்னார்கள். புரட்டாசியில் ஒரு சனிக்கிழமை, கிளினிக்கில் நல்ல கூட்டம். பஞ்சவர்ணம் தனியாக வந்து, சீட்டுக்கூட வாங்காமல் நேரே உள்ளே வந்துவிட்டார். இருளாண்டிக்கு என்னவோ ஆகிவிட்டது என்று நினைத்து எழுந்துவிட்டேன். அவர் நல்லாத்தான் இருக்காக, காடுதான் நல்லா இல்லை என்றார் பஞ்சவர்ணம். விதைக்கிற நிலத்தைத்தான் அந்தப் பக்கத்தில் காடு என்பார்கள்.

"ஊரே விதைச்சிருச்சு டாக்டரம்மா. எங்க காடு மட்டும் தரிசாக் கெடக்கு. ஏன்னு கேட்டா, டாக்டரம்மா ரெண்டுதான் குடுத்திருக்காக, அவசரப்பட்டு ஒண்ணைத் தொலைக்கச் சொல்றியாங்கிறாக."

எனக்குப் புரியவில்லை. மறுபடி சொல்லச் சொன்னேன். அவர் பொறுமையாக, சின்னப்பிள்ளைக்குச் சொல்வதுபோல் சொன்னார். நான் கொடுத்தது இரண்டு வெள்ளாமை. போன இரண்டு வருஷமும் வெள்ளாமை வீடு வரவில்லை. வராததை எப்படிக் கணக்கில் எடுப்பது? ஆகவே இரண்டும் அப்படியே கையிருப்பில் இருக்கிறது. இந்த வருஷம் மழையைப் பார்த்தால் விளைந்துவிடும்போல் இருக்கிறது. விளைந்தால் ஒன்று குறையும். அதனால் மனுஷர் விதைக்கமாட்டேன் என்று உட்கார்ந்துவிட்டார்.

நான் சிரித்துவிட்டேன். நர்ஸ் சிரித்தாள். கதவோரம் நின்றிருந்த நோயாளிகள் வரை எல்லோரும் சிரித்தார்கள். பஞ்சவர்ணம் சிரிக்கவில்லை. நெல் குதிரில் ஒன்றும் இல்லை, விதைநெல்லைக்கூட யாரிடமோ கைமாற்றாக வாங்கி வைத்திருக்கிறேன், இந்த வருஷமும் தரிசாகப் போட்டுவிட்டால் வீட்டைப் பூட்டிக்கொண்டு திருப்பூரில் மகனிடம்தான் போய் நிற்க வேண்டும் என்றார். அவன் ஒற்றை அறையில் நாலு பேரோடு இருக்கிறானாம். சிரித்த வாயை எங்கே வைப்பது என்று எனக்குத் தெரியவில்லை. அந்தக் காடு தரிசாகக் கிடந்ததற்கு மழை காரணமில்லை, நான் நீட்டிய இரண்டு விரல்தான் காரணம்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. மதுரைக்குத் திரும்புகிற வழியில் காரை அபிராமத்துப் பக்கம் திருப்பச் சொன்னேன். பெரிய டாக்டர் போகச் சொன்ன நடையை, ஆறு மாசத்துக்குப் பதிலாக இரண்டரை வருஷம் கழித்துப் போனேன்.

இரண்டு பக்கமும் உழுது விதைத்த கறுப்பு மண். நடுவில் இவருடையது மட்டும் கோரையும் புல்லுமாக இருந்தது. இருளாண்டி வேலிக்கருவை மரத்தடியில் ஆடுகளுக்குக் காய் உலுப்பிப் போட்டுக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் தொரட்டியைக் கீழே போட்டுவிட்டு ஓடிவந்தார். இளநீருக்கு ஆள் அனுப்பினார். வந்த விஷயத்தைச் சொன்னதும் அவர் முகம் மாறிவிட்டது. இவள் போய்ச் சொல்லி உங்களைக் கூட்டிவந்திருக்கிறாளா என்று கேட்டார்.

நான் சொன்னது வருஷக் கணக்கு என்றேன். நான் கேட்டது வெள்ளாமைக் கணக்கு, நீங்களும் வெள்ளாமை என்றுதான் வாயால் சொன்னீர்கள் என்றார். உண்மைதான். வருஷக் கணக்கு என்றே வைத்துக்கொள்வோம், இரண்டு வருஷம் முடிந்து மேலே ஆறு மாதம் ஆகிவிட்டது, நான் இப்போது உயிரோடு இருக்கக்கூடாதே, இருக்கிறேனே, எப்படி என்று அடுத்த கேள்வியைப் போட்டார். வெள்ளாமை வராததால்தான் நான் இருக்கிறேன் என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும் என்றார். எத்தனையோ மாநாடுகளில் எத்தனையோ பேர் என்னை மடக்கப் பார்த்திருக்கிறார்கள். இப்படி ஒரு மடக்கு நான் பார்த்ததில்லை.

சரி, உள்ளதைச் சொல்லிவிடுவோம் என்று தொடங்கினேன். அந்த எண் உங்களுக்கென்று போட்டதல்ல. உங்களைப் போல நூறு பேரை வரிசையாக நிறுத்தினால், பாதிப்பேர் அந்தக் காலத்துக்கு முன்னே போய்விடுவார்கள், மீதிப்பேர் அதைத் தாண்டி இருப்பார்கள், அவ்வளவுதான் அதற்கு அர்த்தம் என்றேன். அவர் அக்கறையாகக் கேட்டார்.

"அந்த நூறு பேருல நான் எத்தனாவது ஆளு, தாயி?"

பிள்ளைகளே, நம் தொழிலில் இதைவிடப் பெரிய கேள்வி கிடையாது. இதற்குப் பதில் தெரிந்த ஒரு டாக்டர் இன்னும் பிறக்கவில்லை. நான் வேறு வழியில் போனேன். கணிப்பு என்பது போட்ட அன்றைக்குத்தான் செல்லும். அதற்குப் பிறகு நீங்கள் இரண்டரை வருஷம் நோயில்லாமல் தாண்டிவிட்டீர்கள். கட்டி சீக்கிரம் திரும்பி வருகிற ஆபத்தான காலம் போய்விட்டது. பழைய எண்ணைக் கிழித்துப் போட்டுவிட்டு இன்றைக்குப் புதிதாகப் போட்டால் கணக்குக் கூடும் என்றேன். இது முழு உண்மை. இதை நான் ஒவ்வொரு ஸ்கேன் முடிந்ததும் அவரிடம் சொல்லியிருக்க வேண்டும்.

அப்படியென்றால் இன்றைக்குப் போட்டால் எத்தனை என்று கேட்டார். சத்தியமாகச் சொல்கிறேன், ஒரு எண் நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. முழுங்கினேன். தெரியாது அண்ணே என்றேன்.

"தெரியாதுங்கிறீக. அப்ப, தெரிஞ்சு சொன்னதைத்தானே நான் வச்சுக்கிறணும்?"

வாதம் முடிந்தது. நான் தோற்றேன். இளநீரைக் குடித்துக்கொண்டு நின்றேன். அக்கம்பக்கத்தில் இருந்து ஏழெட்டுப் பேர் வேடிக்கை பார்க்க வந்துவிட்டார்கள். பஞ்சவர்ணம் இவ்வளவு நேரமும் ஓரமாக நின்று கேட்டுக்கொண்டிருந்தார். வீட்டுப் பக்கம் போனவர் விதைநெல் இருந்த பனையோலைக் கடகப்பெட்டியை இடுப்பில் வைத்துக்கொண்டு திரும்பி வந்தார். என் முன்னால் வந்து நின்றார்.

"டாக்டரம்மா, இந்தக் காட்டுல நான் விதைச்சா, அது யாரு வெள்ளாமை?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். இருளாண்டியும் பார்த்தார். ஈரலைத் திறந்துவைத்துக்கொண்டு நின்றபோதுகூட நான் இவ்வளவு வேகமாக முடிவெடுத்ததில்லை. விதைத்தவர்களுடைய வெள்ளாமை என்றேன். டாக்டர் குரலில், சந்தேகத்துக்கு இடமில்லாமல் சொன்னேன்.

இருளாண்டி யோசித்தார். பிறகு வக்கீல் மாதிரி ஒவ்வொன்றாகக் கேட்டார். உழுவது? உழுவதைக் கூலிக்காரன்கூடச் செய்வான், அதில் கணக்கு இல்லை என்றேன். களை எடுப்பது? இல்லை. அறுப்பது? அதுவும் கூலிதான். விளைந்த சோற்றைத் தின்பது? தின்பதற்கு உலகத்தில் எங்கேயுமே கணக்குக் கிடையாது என்றேன். கூடி நின்றவர்களில் ஒருவர், டாக்டரம்மா சொல்வது நியாயம்தான் என்று தலையாட்டினார். இருளாண்டி துண்டை உதறித் தோளில் போட்டார்.

"அப்ப சரி. மாட்டைப் பத்திட்டு வாரேன்" என்று கிளம்பினார்.

அந்த வருஷம் முழுக்கத் தன் காட்டில் தன் பெண்டாட்டிக்குக் கூலியாளாக வேலை பார்த்தார் அந்த மனுஷர். மதியக் கஞ்சி நேரமானால், என்ன முதலாளியம்மா, கஞ்சி வருமா வராதா என்று வரப்பில் நின்று சத்தம் போடுவாராம். யாராவது வெள்ளாமை எப்படி என்று கேட்டால், எனக்கென்ன தெரியும், காட்டுக்காரியைக் கேளுங்கள் என்பாராம். தையில் நெல் அமோகமாக விளைந்தது. பஞ்சவர்ணம் இதையெல்லாம் ஸ்கேன் அறைக்கு வெளியே உட்கார்ந்து சொல்லச் சொல்ல, எனக்குச் சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

அதற்குப் பிறகு நான் என் பழக்கத்தை மாற்றிக்கொண்டேன். பார்ப்போம் என்று சொல்லித் தப்பிக்கவில்லை, அது எனக்கு வராது. எத்தனை காலம் என்று யாராவது கேட்டால், அதை வைத்து என்ன செய்யப் போகிறீர்கள் என்று முதலில் திருப்பிக் கேட்பேன். ஒருவர் மகள் கல்யாணத்துக்கு என்பார், ஒருவர் படகு வாங்கலாமா என்று பார்க்க என்பார், ராமேஸ்வரத்திலிருந்து வந்த ஒரு அம்மா, ஒன்றுமில்லை, சும்மா தெரிந்துகொள்ளத்தான் என்றார். ஒவ்வொருவருக்கும் வேறு பதில் தேவைப்பட்டது. எண் சொல்ல வேண்டிவந்தால், குறைந்தது இவ்வளவு, கூடினால் இவ்வளவு, இது இன்றைய தேதிக்கு, அடுத்த ஸ்கேனில் மாற்றி எழுதுவோம் என்று சொல்லி, அதன்படியே மாற்றியும் எழுதினேன். டீ பந்தயத்தையும் விட்டேன். தியேட்டரில் எல்லோருக்கும் என்மேல் அதில் வருத்தம்தான்.

இத்தோடு கதை முடிந்திருந்தால் எனக்கு நன்றாகத்தான் இருந்திருக்கும். நாலாவது வருஷம் ஆவணியில் எடுத்த ஸ்கேனில் ஈரல் பூராவும் புள்ளி புள்ளியாகத் தெரிந்தது. ஒரு ரத்தக்குழாய்க்குள்ளும் நுழைந்திருந்தது. பத்திரிகையைத் தேடிக் கணக்குப் போட வேண்டிய அவசியமே இல்லை. மூன்றாவது ஆபரேஷன் என்றால் அது அவருக்குச் செய்கிற ஆபரேஷனாக இருக்காது, என் மனத்திருப்திக்குச் செய்வதாகத்தான் இருக்கும். மருந்தால் கொஞ்சம் அடக்கிப் பார்க்கலாம், வெட்ட முடியாது என்று சொன்னேன். அவர் கேட்டுக்கொண்டார். எண் கேட்பார் என்று எதிர்பார்த்து, எதற்குக் கேட்கிறீர்கள் என்ற என் புதுக் கேள்வியைத் தயாராக வைத்திருந்தேன். அவர் கேட்கவில்லை. எத்தனை காலம் என்று கேட்கவில்லையே அண்ணே என்று பேச்சை நானே எடுத்தேன்.

"நான் எதுக்குக் கேக்கணும்? அதான் கையில ரெண்டு இருக்கே, தாயி" என்றார். பிறகு பஞ்சவர்ணத்தைப் பார்த்துச் சொன்னார். "இனிமே மிச்சம் வச்சு என்ன செய்ய. இந்தத் தடவை நானே விதைச்சிர்றேன்."

அப்படி ஒரு கையிருப்பு எங்கேயும் இல்லை என்று நான் சொல்லியிருக்க வேண்டுமா? உங்களைத்தான் கேட்கிறேன். மழை நன்றாக இருக்கும் என்கிறார்கள் என்று மட்டும் சொன்னேன்.

அந்த வருஷம் அவரே விதைத்தார், அவரே அறுத்தார். அடுத்த வருஷமும் விதைத்தார். வயிற்றில் நீர் கோத்துவிட்டது, கால் வீங்கிவிட்டது. வரப்பில் கட்டிலைப் போட்டுப் படுத்துக்கொண்டு அறுப்பைப் பார்த்ததாகக் கேள்விப்பட்டேன். பங்குனியில் இறந்துபோனார். இரண்டாவது ஆபரேஷன் முடிந்து ஐந்து வருஷம் ஆகியிருந்தது. என் பத்திரிகைக் கணக்கு அடியோடு தப்பு. ஆனால் அபிராமத்துப் பக்கம் யாரிடம் வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள், டாக்டரம்மா ரெண்டு வெள்ளாமை என்றார்கள், ரெண்டு பார்த்துவிட்டுத்தான் போனான், அப்படியே பலித்தது என்பார்கள். அதற்காகவே என்னைத் தேடிக் கையை நீட்டிக்கொண்டு வந்தவர்கள் உண்டு. நான் கைரேகை பார்க்கிறவள் என்றே ஒரு பெரியவர் நினைத்துக்கொண்டிருந்தார்.

கருமாதி முடிந்த பிறகு ஒரு சனிக்கிழமை பஞ்சவர்ணம் கிளினிக்குக்கு வந்தார். இந்தத் தடவை சீட்டு வாங்கி, வரிசையில் உட்கார்ந்திருந்து, முறை வந்ததும்தான் உள்ளே வந்தார். தின்றது போக மீதி மாத்திரைகளை ஒரு பையில் போட்டுக் கொண்டுவந்திருந்தார், இல்லாதவர்கள் யாருக்காவது கொடுக்கச் சொன்னார். வாங்கிக்கொண்டேன். கடைசி நாட்களைப் பற்றிச் சொன்னார். ரொம்பக் கஷ்டப்படவில்லையாம். நெல் வீடு வந்து சேர்ந்ததும், என் பங்கு முடிஞ்சது, உன் பங்கை இனிமே நீ பார்த்துக்க என்றாராம். வெளியே இன்னும் பத்துப்பேர் காத்திருந்தார்கள். அவர் எழுந்திருக்கவில்லை.

"உங்க மேல வருத்தமில்ல டாக்டரம்மா. ஊரே உங்க வாக்கைத்தான் பெருசாப் பேசுது. நீங்க சொன்னதுக்கு மேல நானும் எம் பேருல விதைச்சு ஒரு வருசத்தை இழுத்துப் பிடிச்சுப் பாத்தேன்." பையிலிருந்து ஏதோ எடுக்கப்போவதுபோல் குனிந்தார், ஒன்றும் எடுக்கவில்லை. "சொல்றதுதான் சொன்னீக. மூணுன்னு சொல்லியிருக்கலாம்ல?"